ஒத்திகை பார்க்காத திருமணம்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்ச் சுவர்களில் நாடக நோட்டீஸ் ஒட்டத் தொடங்கிவிடுவார்கள். மேலே ஊர்த் தெய்வத்தின் பெயரும் திருவிழா நாளும் இருக்கும். நடுவில் கொட்டை எழுத்தில் ‘வள்ளி திருமணம்’. அதற்குக் கீழே நடிகர்களின் படங்கள், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் ஊர்ப்பெயர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், நாரதர் இன்னோர் ஊர், பபூனும் ஹார்மோனியக்காரரும் ஆளுக்கொரு திசை. இவர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். விழாக் கமிட்டியார் தனித்தனியே பேசி, தனித்தனியே முன்பணம் கொடுத்து அழைத்தவர்கள். நாடகத்தன்று மாலையில் வந்து இறங்கி, அவரவர் பெட்டியைத் திறந்து, அவரவர் முகத்துக்கு அவரவரே அரிதாரம் பூசிக்கொள்கிறார்கள். இயக்குநர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியவிடிய ஓர் இசை நாடகத்தை நடத்தி, வள்ளிக்குக் கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

இதற்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். இந்த மேடையில் அதிகமாக நடிக்கப்படுவது சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’. எழுதியவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பேசும் படம், வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி என்று ஒவ்வொன்றாக வந்தபோதும் இந்த நாடகம் பிழைத்துக்கொண்டது. முருக பக்திதான் காரணம் என்பார்கள் சிலர். கிட்டப்பா போன்ற பெரும் பாடகர்களின் குரல் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் போதாது. பக்தி நாடகங்கள் எத்தனையோ மேடையை விட்டே போய்விட்டன. கிட்டப்பா 1933இல் மறைந்தார். நாடகம் அவரோடு போய்விடவில்லை. ஒருவரையொருவர் சரியாக அறியாத நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் இதை எப்படி நடத்த முடிகிறது என்று கேட்டுப் பார்த்தால்தான் இதன் ஆயுள் ரகசியம் பிடிபடும் என்று நினைக்கிறேன். பாட்டுகள் கட்டப்பட்டிருக்கும் முறையில் இருக்கிறது அது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கணமும் கற்றார். உப்பளத்தில் கணக்கராகக் கொஞ்சகாலம் வேலை பார்த்துவிட்டு, இருபத்து நான்கு வயதளவில் நாடகத்துக்கு வந்தார். அப்போதைய தமிழ் மேடை ஒரு கலவையாக இருந்தது. பார்சி, மராத்திக் குழுக்கள் ஊர் ஊராக வந்து தீட்டிய திரைச்சீலைகளையும் ஹார்மோனியத்தையும் வடநாட்டு மெட்டுகளையும் இங்கே விட்டுப் போயிருந்தன. தெருக்கூத்தின் தருவும் விருத்தமும் மக்கள் காதில் ஒலித்துக்கொண்டிருந்தன. கர்நாடக இசை தெரிந்தவர்களும் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தார்கள். இந்த மூன்றையும் ஒரே கையில் பிடித்தவர் சுவாமிகள். ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’, ‘பக்த பிரகலாதா’, ‘அல்லி அர்ஜுனா’ என்று அவர் எழுதிய நாடகங்களில் வெண்பாவும் விருத்தமும் கண்ணியும் சந்தப் பாட்டும் மாறி மாறி வரும்.

அவர் முதலில் நடிகராகவும் இருந்தார். எமன், சனீசுவரன், இரணியன் போன்ற வேடங்களில் அவரைப் பார்த்தவர்கள் நடுங்கினார்கள் என்றும், அவருடைய உக்கிரத்தைக் கண்டு கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துபோகவே வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்வார்கள். அதன்பின் ஆசிரியராக நின்றார். வளர்ந்த நடிகர்களின் ஒழுங்கீனத்தில் சலித்துப்போய், சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தும் பாய்ஸ் கம்பெனி முறைக்குத் திரும்பினார். 1918இல் மதுரையில் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவராக, ஆறு வயதுச் சிறுவனாக அங்கே நுழைந்த தி.க.சண்முகம், பிற்காலத்தில் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யில் ஆசிரியரைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த கதையைத் தமிழுலகம் அறிந்ததும் சண்முகத்தின் வழியாகத்தான். பாட்டில் ஒரு சொல் பிசகினாலும் பொறுக்காத ஆசிரியர் அவர். 1922இல் புதுச்சேரியில் காலமானார்.

பிரதியை அப்படியே ஒப்பிக்க வேண்டும் என்று கருதிய இந்த மனிதரின் நாடகம், பிரதியை அப்படியே ஒப்பிக்காத நடிகர்களின் கையில்தான் நீண்டு வாழ்கிறது. அவர் பயிற்றுவித்த பாய்ஸ் கம்பெனிகள் மறைந்துவிட்டன. அவர் நம்பாத, கட்டுக்கு அடங்காத ஸ்பெஷல் நாடகம் மிஞ்சியிருக்கிறது. இதை வரலாற்றின் விளையாட்டு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் பாட்டில் வைத்த கண்டிப்புதான் வசனத்தில் நடிகர்கள் எடுத்துக்கொண்ட சுதந்திரத்தைத் தாங்கி நிற்கிறது என்பது என் எண்ணம். எதுகையும் மோனையும் சந்தமும் இறுக்கிப் பிடித்த பாட்டில் ஒரு சொல்லை மாற்றினால் பாடுகிறவர் நாவே தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பாட்டு பெரும்பாலும் மாறாமல் வந்தது. வசனத்துக்கு அப்படிக் காவல் இல்லை. அது ஒவ்வோர் இரவும் புதிதாகப் பேசப்பட்டது.

இனி கதைக்கு வருவோம். முருகனோடு சென்ற வள்ளி நற்றிணையிலேயே உவமையாக வருகிறாள். திருமுருகாற்றுப்படை அவளைக் குறமகளாகவே காட்டுகிறது. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம், சூரனை அழித்த பெரும் போருக்கெல்லாம் பிறகு, வள்ளியம்மை திருமணப் படலத்தோடு முடிகிறது. மானின் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்க்கிறான். வளர்ந்ததும் அவள் தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து, ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுகிறாள். நாரதர் பார்த்துவிட்டுத் திருத்தணிக்குப் போய் முருகனிடம் சொல்கிறார். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகத் தள்ளாடுகிறான், கடைசியில் அண்ணன் கணபதியை யானையாக அழைக்கிறான்.

இந்தக் கதையின் மையத்தில் போர் இல்லை, சாபம் இல்லை, மரணம் இல்லை. ஒரு பெண் தனியாகக் காவல் இருக்கிறாள். ஒருவர் பின் ஒருவராக வந்து அவளிடம் பேசுகிறார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறாள். நாடகம் முழுவதும் இவ்வளவுதான். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சிகளாகவே முழுக் கதையும் அமைந்திருப்பதால், எந்த நேரத்திலும் மேடையில் இருவர் ஒத்துப்போனால் போதும். பத்துப் பேர் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒத்திகையில்லாத மேடைக்கு இதைவிட ஏற்ற கதை கிடைப்பது அரிது. சுவாமிகள் இதை அப்படித் திட்டமிட்டு எடுத்தாரோ என்னவோ, ஸ்பெஷல் நாடக நடிகர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்கு இது முக்கியமான காரணம்.

ஓர் இரவின் நடப்பைக் கவனித்தால் பாட்டின் வேலை தெரியும். மேடையின் ஓரத்தில் ஹார்மோனியம், மிருதங்கம், தாளம், ஓசைகளுக்கென்று ஆல்ரவுண்ட். கடவுள் வாழ்த்து முடிந்ததும் பபூன் வருகிறார். அவரை அடுத்து டான்ஸ் பெண். இருவரின் சிரிப்பும் சண்டையும் நள்ளிரவை நெருங்கும். குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டுப் பாயில் சுருண்டுவிடுவார்கள். கதை அதற்குப் பிறகுதான். நாரதர் வருகிறார், வள்ளி வருகிறாள், ராஜபார்ட் வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் கோலம் மாற்றி மாற்றி வருகிறார். ‘வேலன், வேடன், விருத்தன்’ என்று நோட்டீஸிலேயே மூன்றையும் அடுக்கிப் போடுவதில் ராஜபார்ட் நடிகருக்கு ஒரு பெருமை உண்டு.

நடிகர் உள்ளே வருவதற்கு முன்பே திரைமறைவிலிருந்து விருத்தம் எடுப்பார். விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை. ராகத்தை எவ்வளவு விரிப்பது, எந்தச் சொல்லில் நிற்பது என்பதெல்லாம் பாடுகிறவர் விருப்பம். அந்த ஒரு விருத்தத்துக்குள் ஹார்மோனியக்காரர் இவருடைய கட்டை என்ன, மூச்சு எவ்வளவு, எந்த இடத்தில் இழுப்பார் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறார். சேர்ந்து வாசித்திராத இருவருக்கு அதுதான் ஒத்திகை. சபையின் கண்முன்னே, காதுமுன்னே நடக்கிற ஒத்திகை. அது முடிந்ததும் தாளக்கட்டுள்ள பாட்டு தொடங்கும், மிருதங்கம் சேரும், பின்பாட்டு சேரும். எதிரே நிற்கும் நடிகைக்கு இப்போது எங்கே இருக்கிறோம் என்பது தெளிவாகிவிடும். பாட்டு முடிந்தால் வசனம். வசனம் எங்கே வேண்டுமானாலும் போகலாம்: உள்ளூர்ச் செய்தி, புராணம், அரசியல், எதிரே நிற்பவர் போன வாரம் வேறோர் ஊரில் சொன்ன பதில். கதைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அடுத்த பாட்டின் முதல் அடியை எடுத்தால் போதும். கிணற்றுக்குள் இறங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிறுபோல அந்தப் பாட்டு அவர்களை மேலே இழுத்துவிடும்.

சுவாமிகளின் பாட்டுகளில் பெரும்பாலானவை கேள்வியாகவோ பதிலாகவோ இருப்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘காயாத கானகத்தே’ என்ற புகழ்பெற்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். காட்டில் தப்பிப்போன ஒரு மானைத் தேடி வந்தவனாக நின்று வள்ளியிடம் விசாரிக்கும் பாட்டு அது. அகத்துறையில் கெடுதி வினாதல் என்று ஒன்று உண்டு. தன் யானையோ மானோ தப்பிவிட்டது, இந்தப் பக்கம் வந்ததா என்று புனங்காக்கும் பெண்ணிடம் தலைவன் பேச்சுக் கொடுப்பது. கோவை நூல்களில் படித்த அந்தத் துறையைச் சுவாமிகள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். தேடும் மான் எப்படிப்பட்டதல்ல என்று சொல்லிக்கொண்டே போவதால் பாட்டு ஒரு விடுகதையாக நீள்கிறது. அந்த மான் யார் என்பது கூட்டத்துக்கு முன்பே தெரியும், வள்ளிக்கும் மெல்லத் தெரிய வருகிறது. பாட்டு கேள்வியில் முடிவதால் அவள் வாய் திறந்தே ஆக வேண்டும். பாட்டின் இனிமையை எல்லோரும் பேசுகிறார்கள். அடுத்தவரைப் பேசவைக்கும் இந்த நாடக வேலையை யாரும் போதிய அளவு பேசியதாகத் தோன்றவில்லை.

அந்தப் பாட்டின் பயணமும் பெரியது. கொட்டகையிலிருந்து கிராமபோன் தட்டுக்கும், 1945இல் ஏவி.எம். மெய்யப்பனின் ‘ஸ்ரீவள்ளி’ படத்துக்கும் மேடைப் பாட்டுகள் போயின. படத்தில் டி.ஆர்.மகாலிங்கத்தின் குரலில் கேட்ட தலைமுறைக்கு அது சினிமாப் பாட்டு. கதாநாயகி ருக்மிணியின் பாட்டுகள், படம் வெளியான பிறகு, பி.ஏ.பெரியநாயகியின் குரலில் மாற்றப்பட்டன என்பது தமிழ்ப் பட வரலாற்றில் தனிச் செய்தி. ‘காயாத கானகத்தே’ பாட்டில் வரும் ஒரு தொடரே 2017இல் ஒரு படத்தின் தலைப்பாயிற்று. தமிழில் பேசும் படம் வந்த தொடக்க ஆண்டுகளிலேயே, 1933இல், வள்ளி கதை டி.பி.ராஜலட்சுமி நடிக்கத் திரைக்கு வந்துவிட்டது. சினிமா விழுங்கிய நாடகங்கள் பல. அவை படமான பிறகு மேடையில் வெறும் பழைய கதையாகிவிட்டன. வள்ளி தப்பியதற்குக் காரணம், படம் எடுத்துக்கொண்டது பாட்டுகளை மட்டும்தான். பாட்டுகளுக்கு இடையில் அந்தந்த ஊருக்காக, அந்தந்த இரவுக்காகப் பிறக்கும் பேச்சைப் படச்சுருளில் பிடித்துவைக்க முடியவில்லை.

அந்த இடைவெளியின் வலிமை சுதந்திரப் போராட்டக் காலத்தில் நன்றாகத் தெரிந்தது. சிவகாசியில் 1886இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ், முருகன் வேடத்தில் தினைப்புனத்துக்கு வந்து, கிளி ஓட்டும் வள்ளியிடம் வெள்ளைக் கொக்கு பறப்பதைப் பாடுவார். எந்தக் கொக்கு என்பது தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் புரிந்தது, ஓரத்தில் நின்ற போலீஸ்காரருக்கும் புரிந்தது. நாடகங்களைத் தடைசெய்ய 1876ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. ஆனால் எந்த நாடகத்தைத் தடைசெய்வது? முருகன் வள்ளியை மணக்கும் நாடகத்தையா? தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட ஆய்வு நூல், இப்படி மேடைப் பாட்டுகள் தேசிய அரசியலைச் சுமந்த வரலாற்றை முதன்முதலாக விரிவாகத் தொகுத்துக் காட்டியது. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிய தேசியப் பாட்டுகள் புராண நாடகங்களின் நடுவே ஒலித்தன. விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். மேடையில் தெய்வமாக நின்றவருக்கு மேடைக்குக் கீழே நேர்ந்த அவமதிப்பு இது. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’ நடந்துகொண்டிருந்தபோது, முருகன் கோலத்தில் பாடிக்கொண்டே உயிர் விட்டார்.

அதே இடைவெளியில் வளர்ந்த இன்னொன்று தர்க்கம். நாரதருக்கும் வள்ளிக்கும், வேடனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் வாதம் இது. தனியாக இருக்கும் பெண்ணிடம் துறவிக்கு என்ன பேச்சு என்று வள்ளி மடக்குவாள். நாரதர் சாத்திரம் காட்டுவார். அவள் அதிலேயே ஒரு கேள்வியை எடுத்துத் திருப்புவாள். ஆண் உயர்வா பெண் உயர்வா, இல்லறமா துறவறமா என்று போய், ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. கூட்டம் அந்த நேரத்தில் விழித்துக்கொண்டு உட்காரும். இன்னாருக்கும் இன்னாருக்கும் தர்க்கம் நன்றாக இருக்கும் என்று ஜோடி பார்த்து நடிகர்களை அழைக்கும் ஊர்கள் இருக்கின்றன. முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையில், முடிவு தெரியாத ஒரு போட்டியை உள்ளே வைத்திருப்பதுதான் இந்த நாடகத்தின் பெரிய கவர்ச்சி. வள்ளி முருகனை மணப்பாள் என்பதில் ஐயமில்லை. இன்றிரவு நாரதரிடம் தோற்பாளா என்பது நாரதருக்கே தெரியாது.

வள்ளியாக நிற்கும் நடிகையின் வாழ்க்கையை இதன் அருகில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆயிரம் பேர் நடுவே ஆணுக்குச் சமமாக வாதாடுகிறவள், அந்த ஊரை விட்டுக் கிளம்பும்போது ‘கூத்தாடி’ என்ற ஏச்சையும் சுமந்து போகிறாள். மதுரையில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளிவந்த தம் நூலில், இந்த நடிகைகள் இரவுப் பயணத்தையும் தங்குமிடத்தையும் ஊரார் பார்வையையும் எவ்வளவு கவனமாகச் சமாளிக்கிறார்கள் என்பதை எழுதியிருக்கிறார். கொடுமுடி சுந்தராம்பாள் போன்றவர்கள் பெற்ற மதிப்பு எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ஆனால் அவர்கள் வாங்கிக்கொடுத்த ஒன்று உண்டு: வள்ளி வேடம் வெறும் நாயகி வேடமாகச் சுருங்காமல், நாடகத்தின் வாதத்தையே தூக்கி நிறுத்தும் வேடமாக வளர்ந்தது. தமிழ் மேடையில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு நேரம், இவ்வளவு சொல், இவ்வளவு மறுப்பு கொடுத்த வேறு நாடகத்தை நான் எளிதில் சொல்லமாட்டேன்.

இதோடு ஒப்பிட்டால், பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் பாதை வேறு. பாட்டைக் குறைத்து, உரைநடை வசனத்தை வளர்த்து, படித்தவர்கள் கௌரவமாக நடிக்கும் நாடகத்தை அது உருவாக்கியது. தமிழ் நாடகம் நவீனமானது அந்த வழியில்தான் என்று பாடநூல்கள் சொல்கின்றன, சொல்வதும் நியாயமே. ஆனால் அந்த வசனங்கள் தங்கள் காலத்தோடு கட்டுண்டவை. இன்று அவற்றை நடிக்க ஒரு குழு கூடி, மனப்பாடம் செய்து, மாதக்கணக்கில் பயிற்சி எடுக்க வேண்டும். பழமை என்று ஒதுக்கப்பட்ட சுவாமிகளின் பாட்டு நாடகம் இன்றிரவே ஏதோ ஓர் ஊரில் நடக்கக்கூடியது.

கடல் கடந்தும் இது போயிற்று. தமிழகக் குழுக்கள் இலங்கையில் நடத்திய நாடகங்களைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் இசை நாடக மரபு ஒன்று தனியாக வேர்விட்டது. காங்கேசன்துறை வசந்தகான சபையின் வி.வி.வைரமுத்து அதன் பெருங்கலைஞர். அவருடைய ‘அரிச்சந்திர மயான காண்டம்’ அங்கே ஒரு தலைமுறையின் நினைவில் நிற்கிறது.

ஊர்கள் வள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கு மங்கலமும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கோயில் திருவிழாவில் விடியும் நேரத்தில் ஒரு கல்யாணத்தோடு முடியும் நாடகம் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கை ஆழமானது. ‘வள்ளி திருமணம்’ வைப்பதாகவே நேர்ந்துகொள்பவர்களும் உண்டு. அரிச்சந்திரன் எவ்வளவு பெரிய நாடகமானாலும் சுடுகாட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்; அதை வைக்கத் தயங்கும் ஊர்கள் இருக்கின்றன.

இன்றைய நிலையில் என்னைக் கவலைப்படுத்துவது கூட்டம் குறைவதல்ல. பபூன், டான்ஸ் பகுதி நீண்டுகொண்டே போகிறது. சினிமா மெட்டுகள் உள்ளே வந்து பழைய பாட்டுகளின் இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. சினிமா மெட்டு வருவதில் எனக்கு எதிர்ப்பில்லை. சுவாமிகளே பார்சி மெட்டை எடுத்துக்கொண்டவர்தான். ஆனால் புதிதாக வரும் பாட்டு எதிரே நிற்பவரைக் கேள்வி கேட்பதில்லை. பாடி முடித்ததும் கைதட்டலில் நின்றுவிடுகிறது; அடுத்தவர் எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவார்? 2020இலும் 2021இலும் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றபோது வருமானம் முழுவதும் போய், பல கலைஞர்கள் வேறு வேலைக்குப் போக நேர்ந்தது. பாட்டுகள் ஏட்டிலும் அச்சிலும் இருக்கின்றன. எந்தப் பாட்டை எந்த இடத்தில், எந்தச் சொல் காதில் விழுந்ததும் எடுப்பது என்பது அச்சில் இல்லை.

அதைத் தெரிந்தவர்கள் மூத்த ஹார்மோனியக்காரர்கள். நடிகர் வசனத்தில் வழி தவறும்போது சுதியிலேயே அடுத்த பாட்டின் முதல் ஸ்வரத்தைக் காட்டி, தேவைப்பட்டால் முதல் அடியைத் தாமே எடுத்துக் கொடுத்து, கதையை நகர்த்துபவர்கள் அவர்கள்தான். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சுவாமிகளின் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. மதுரையில் நடிகர் சங்கம் இருக்கிறது. கைப்பேசியில் முழு இரவையும் பதிவு செய்து இணையத்தில் ஏற்றும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களின் கேமரா எப்போதும் ராஜபார்ட்டையும் வள்ளியையும் பார்த்தபடி இருக்கிறது. ஒரு கேமராவையும் ஒரு மைக்கையும் ஹார்மோனியத்தின் பக்கம் திருப்பி வைத்து, மறுநாள் அந்தக் கலைஞரோடு உட்கார்ந்து, நேற்றிரவு இந்த இடத்தில் இந்தப் பாட்டை ஏன் எடுத்தீர்கள் என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு திருவிழாக் காலம் இதைச் செய்தாலும், சுவாமிகளின் அச்சுப் பிரதியில் இல்லாத பாதி நாடகம் நம் கைக்கு வந்துவிடும்.